மன்ரோவில் நீதிமன்றத்தின் பயணம்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மன்ரோ கவுண்டி 1815இல் உருவானது. நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு அது. அலபாமா ஆற்றங்கரையில் இருந்த கிளெய்போர்ன் அதன் தொடக்ககாலத் தலைமையிடம். 1832இல் தலைமையிடம் மன்ரோவில்லுக்கு மாறியது. நீதிமன்றமும் அங்கே குடிபெயர்ந்தது.

இன்று ஊர் நடுவே நிற்கும் பழைய நீதிமன்றம் 1903இல் கட்டப்பட்டது. செங்கல் சுவர்கள், உச்சியில் கடிகாரம் பதித்த குவிமாடம். அதன் உயிர்நாடி மாடியில் உள்ள விசாரணைக் கூடம்தான். வளைந்த நீள்வட்ட அறை, பூவேலை அச்சிட்ட தகர விதானம், தலைக்கு மேலே அறையைத் தழுவிச் செல்லும் மர பால்கனி.

வழக்கறிஞரான தன் தந்தை வாதாடுவதைச் சிறுமி ஹார்ப்பர் லீ அந்த பால்கனியில் உட்கார்ந்துதான் பார்த்தார். 1960இல் வந்த அவருடைய ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலில், குற்றமற்ற கறுப்பர் ஒருவரைக் குற்றவாளியாக்கும் நீதிமன்றமாக அந்தக் கூடம் உலகம் முழுக்கப் போனது.

நாவல் திரைப்படமானபோது, அடுத்த பயணம் ஹாலிவுட்டுக்கு. கலை இயக்குநர் ஹென்றி பம்ஸ்டெட் மன்ரோவில்லுக்கு வந்து கூடத்தை அளந்து, புகைப்படமெடுத்துச் சென்றார். ஸ்டுடியோவுக்குள் அதே வளைவும் அதே பால்கனியும் எழும்பின. 1962இல் வெளியான அந்தப் படம் கலை இயக்கத்துக்கும் சேர்த்து மூன்று ஆஸ்கர் விருதுகளை வென்றது.

1963இல் பக்கத்தில் புதிய நீதிமன்றம் வர, பழையது பணி ஓய்ந்தது. ஆனால் இடிபடவில்லை, அருங்காட்சியகமாக மறுவாழ்வு பெற்றது. 1990களின் தொடக்கம் முதல் ஊர்மக்களே அந்த நாவலை அங்கே நாடகமாக நடிக்கிறார்கள். பார்வையாளர்களிலிருந்தே ஜூரிகளைத் தேர்ந்தெடுத்துக் கூடத்தில் உட்கார வைக்கிறார்கள்.

அந்த நாடகம் தொடங்கிய காலத்தில், அதே ஊர்ப் பகுதியைச் சேர்ந்த வால்டர் மக்மிலியன் என்ற கறுப்பர் மரண தண்டனைக் கைதிகளின் சிறையில் இருந்தார். மன்ரோவில்லில் நடந்த ஒரு கொலைக்காக 1987இல் கைதானவர் அவர். விசாரணை பக்கத்துக் கவுண்டிக்கு மாற்றப்பட்டது. ஜூரி ஆயுள் தண்டனை போதும் என்றது. நீதிபதி அதை மீறி மரண தண்டனை விதித்தார். வழக்கறிஞர் பிரையன் ஸ்டீவன்சன் போராடிப் பொய்ச் சாட்சியத்தை அம்பலப்படுத்த, 1993 மார்ச்சில் மக்மிலியன் விடுதலையானார்.

பழைய கட்டடத்தைக் காப்பது நல்ல காரியம். மன்ரோவில் அதை அருமையாகச் செய்திருக்கிறது. ஆனால் அந்தக் கூடம் சொன்ன பாடத்தைச் சட்டத்தில் எழுதினால்தான் அந்தப் பாதுகாப்புக்குப் பொருள் உண்டு. ஜூரியை மீறி மரண தண்டனை விதிக்க நீதிபதிக்கு இருந்த அதிகாரத்தை அலபாமா 2017இல்தான் நீக்கியது. அதற்கு முன்பு அப்படித் தண்டிக்கப்பட்டவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தவில்லை.