மறதி வந்த அறிஞரை மறைத்துக் காத்த பிள்ளைகள்

ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் பஸ்ரா நகரில் ஜரீர் இப்னு ஹாஸிம் (ரஹ்) என்றொரு ஹதீஸ் அறிவிப்பாளர் வாழ்ந்தார். ஹிஜ்ரி 170-இல் மரணித்தவர். இறுதிக் காலத்தில் அவருடைய நினைவு குழம்பிற்று. அவருடைய பிள்ளைகளும் ஹதீஸ் துறையைச் சேர்ந்தவர்களே. தந்தையின் பேச்சில் மாற்றம் தெரிந்ததும், ஹதீஸ் கேட்க வருவோர் அவரிடம் செல்லாதவாறு அவர்கள் தடுத்துக்கொண்டார்கள். எனவே அந்தக் குழப்பக் காலத்தில் அவரிடமிருந்து எவரும் எதையும் கேட்கவில்லை என்று இமாம் அப்துர் ரஹ்மான் இப்னு மஹ்தீ (ரஹ்) கூறியதாக அறிவிப்பாளர் வரலாற்று நூல்கள் பதிவு செய்கின்றன.

ஹதீஸ் கலையில் இந்நிலைக்கு ‘இக்திலாத்’ என்று பெயர். கலந்துபோதல், குழம்பிப்போதல் என்பது பொருள். மதரஸாவில் இப்பாடம் வரும்போது மாணவர்கள் இதை அறிவிப்பாளரின் குறை என்றே முதலில் எண்ணுகிறார்கள். நம் முன்னோர் அப்படி எண்ணவில்லை. ஒருவரின் நேர்மை வேறு, நினைவாற்றல் வேறு என்று பிரித்தார்கள். நினைவு தளர்ந்ததால் நேர்மைக்கு இழுக்கு வராது. கூஃபாவின் அதா இப்னுஸ் ஸாயிப் (ரஹ்) முதுமையில் இந்நிலைக்கு ஆளானார். அவரிடம் ஷுஅபா, சுஃப்யான் அஸ்ஸவ்ரீ (ரஹ்) போன்றோர் முற்காலத்தில் கேட்டவை ஏற்கப்பட்டன. பிற்காலத்தில் சென்றவர்கள் கேட்டவை தனியே பிரித்து வைக்கப்பட்டன. பஸ்ராவின் ஸயீத் இப்னு அபீ அரூபா (ரஹ்) விஷயத்திலும் இதுவே நடந்தது. ஹிஜ்ரி 841-இல் மரணித்த அலெப்போ அறிஞர் ஸிப்த் இப்னுல் அஜமீ (ரஹ்) இத்தகைய அறிவிப்பாளர்களின் பெயர்களைத் தொகுத்துத் தனி நூலே எழுதினார். எப்போது குழம்பினார், அதற்கு முன் கேட்டவர் யார், பின் கேட்டவர் யார் என்று கேட்டுக் கேட்டு எழுதி வைத்த சமுதாயம் இது. முதுமை மறதியை அவ்வளவு கூர்ந்து கவனித்தவர்களின் வழிவந்த நாம், இன்று நம் வீட்டுப் பெரியவர் ஒரே கேள்வியைப் பத்துமுறை கேட்டால் எரிந்து விழுகிறோம்.

திருக்குர்ஆன் அந்நஹ்ல், அல்ஹஜ் ஆகிய இரு அத்தியாயங்களிலும் வாழ்நாளின் மிகத் தளர்ந்த பருவத்தைப் பற்றிப் பேசுகிறது. அறிந்திருந்த மனிதன் ஒன்றும் அறியாதவனாகிவிடும் பருவம் அது. அப்பருவத்திற்குத் தள்ளப்படுவதிலிருந்து நபி (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடியது புகாரீயில் வருகிறது. பெற்றோரிடம் ‘சீ’ என்றும் சொல்லக் கூடாது என்ற கட்டளையும், அவர்கள் முதுமையை அடைந்த நிலையைக் குறிப்பிட்டே அருளப்பட்டது. அந்த வயதில்தான் பிள்ளைகளின் நாவு தவறும் என்பதைப் படைத்தவன் அறிவான்.

மருத்துவம் இதை எப்படிப் பார்த்தது? பல்கு நகரத்து அபூ ஸைத் அல்பல்கீ (850–934) உடல் நலத்தையும் உள நலத்தையும் ஒரே நூலில் எழுதினார். காரணம் தெரிந்த கவலையையும், காரணமே தெரியாமல் வந்து கவியும் துயரத்தையும் அவர் பிரித்துக் காட்டினார். முன்னதற்கு ஆறுதலும் அறிவுரையும். பின்னது உடலிலிருந்து எழுவது, அதற்கு உடல் மருத்துவம் தேவை என்றார். துனீசியாவின் கைரவான் நகரத்து இப்னுல் ஜஸ்ஸார் மறதியைப் பற்றித் தனி ஏடும் முதியோர் மருத்துவத்தைப் பற்றித் தனி நூலும் எழுதினார். இப்னு ஸீனா தம் ‘அல்கானூன்’ நூலில் முதியோரின் உணவு, உறக்கம், குளியல் ஆகியவற்றுக்கென ஒரு பகுதியையே ஒதுக்கினார்.

மருத்துவமனைகளும் எழுந்தன. எகிப்தில் அஹ்மத் இப்னு துலூன் 872-ஆம் ஆண்டளவில் நிறுவிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கு இடமிருந்தது. கெய்ரோவில் 1284-இல் கலாவூன் கட்டியதும், துருக்கியின் எதிர்னேயில் 1488-இல் இரண்டாம் பாயஸீத் கட்டியதும் வக்ஃபு வருமானத்தால் நடந்தவை. இவற்றை மட்டும் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வது எளிது. ஆனால் 1180-களில் அந்நாடுகளைச் சுற்றிவந்த இப்னு ஜுபைர், கெய்ரோ மருத்துவமனையில் மனநோயாளிகளைத் தினமும் சென்று விசாரிப்பதை எழுதிய அதே பயண நூலில், டமாஸ்கஸில் அவர்கள் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததையும் எழுதினார். மருத்துவமும் சங்கிலியும் நம் வரலாற்றில் ஒன்றாகவே இருந்திருக்கின்றன.

நம் மண்ணில் சங்கிலி என்றதும் நினைவுக்கு வருவது ஏர்வாடி. இராமநாதபுரம் மாவட்டத்தில் சுல்தான் சையிது இப்ராஹீம் ஷஹீத் (ரஹ்) அவர்களின் தர்கா உள்ள அவ்வூருக்கு எல்லா மதத்தாரும் மனநோயாளிகளை அழைத்து வருவார்கள். தர்காவைச் சுற்றித் தனியார் நடத்திய காப்பகங்கள் பெருகியிருந்தன. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அவற்றுள் ஒன்றின் கீற்றுக் கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. பின்னர் ஏர்வாடியிலேயே, துஆவோடு மருந்தும் கிடைக்கும்படி அரசு ஏற்பாடு செய்தது. துஆ கேட்க வந்தவரை விரட்டாமல், அங்கேயே மருத்துவரையும் அமர்த்தும் முறை அது. அதை நான் மிகச் சரியான வழி என்றே கருதுகிறேன். எவரையும் எவ்வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு தடை செய்கிறது.

தமிழகத்தில் மனநல மருத்துவத்தின் வரலாறு இதைவிடப் பழையது. சென்னையில் 1794-இல் ஆங்கிலேய மருத்துவர் ஒருவர் தொடங்கிய சிறு மனநோயாளர் விடுதியிலிருந்து அது ஆரம்பமாகிறது. 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் பெரிய மருத்துவமனை வந்தது. ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயரையே ஏளனச் சொல்லாக்கிவிட்டது நம் திரைப்பட நகைச்சுவை. அந்த ஏளனத்திற்கு அஞ்சியே எத்தனையோ குடும்பங்கள் மருத்துவரிடம் போவதில்லை. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தார்.

ஆனால் முதியோரின் மனநலத்தைத் தனியாகக் கவனித்த பெருமை மதுரைக்கு உரியது. மதுரை மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் ஏ. வெங்கோபராவ் இத்துறையில் இந்தியாவின் முன்னோடி. அவரும் மருத்துவர் மாதவனும் மதுரைக்கு அருகிலுள்ள சிற்றூர்ப் பகுதியில் 60 வயது கடந்தோரை ஆய்ந்து 1982-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 1000 முதியோரில் 89 பேருக்கு ஏதேனும் ஒரு மனநோய் இருந்தது. அவர்களில் 60 பேருக்கு இருந்தது மனச்சோர்வு.

இந்தக் கணக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வயதானவருக்கு மனம் சரியில்லை என்றாலே மறதிநோய் என்றும், அதற்கு மருந்தில்லை என்றும் நாம் முடிவு கட்டிவிடுகிறோம். மதுரைக் கணக்கின்படி மூன்றில் இரு பங்கு மனச்சோர்வு. அது பெரும்பாலும் குணப்படுத்தக் கூடியது. 1955-இல் இங்கிலாந்தில் மார்ட்டின் ராத் என்ற மருத்துவர், முதுமையில் வரும் மனநோய்கள் எல்லாம் ஒன்றல்ல. மனச்சோர்வு ஒரு வழியிலும், மறதிநோய் வேறு வழியிலும், திடீர்க் குழப்பம் மற்றொரு வழியிலும் செல்கின்றன என்று மருத்துவமனைப் பதிவேடுகளைக் கொண்டு நிறுவினார். அல்பல்கீ கவலையை இரண்டாகப் பிரித்த ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வந்த பிரிவினை இது.

மறதிநோயும் குறைந்ததன்று. சென்னைக்குத் தெற்கே திருப்போரூர்ப் பகுதிக் கிராமங்களில் நடந்து 1997-இல் வெளியான ஆய்வு, 60 வயது கடந்தோரில் 3.5 சதவீதத்தினருக்கு அந்நோய் இருந்ததைக் காட்டியது. 2023-இல் வெளியான நாடளாவிய ஆய்வு 7.4 சதவீதம் என்கிறது. ஏறத்தாழ 88 இலட்சம் பேர். ஆயுள் கூடக் கூட இந்த எண்ணிக்கையும் கூடும்.

இனி நம் சேவூருக்கும் அவிநாசிக்கும் வருவோம். நம் பகுதியில் கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் என எல்லோரும் பனியன் கம்பெனிக்குப் போகிறார்கள். கட்டிங், பவர் டேபிள், செக்கிங், பேக்கிங் என்று ஆளுக்கொரு வேலை. ஒன்றரை ஷிப்ட் என்றால் வீடு திரும்ப இரவாகிவிடும். அதுவரை அத்தாவோ நன்னியோ வீட்டில் தனியே இருக்கிறார்கள். பெரியவர் வெளியே போய் வழி தவறிவிடுவாரோ என்ற அச்சத்தில் வெளிப்புறம் பூட்டிவிட்டுப் போகும் வீடுகளும் உண்டு. அவர்களைக் குற்றவாளிகளாக்க எனக்கு மனமில்லை. ஒரு நாள் சம்பளம் போனால் வாரக் கணக்கு இடிக்கும் என்பதை அறிவேன். ஆனாலும் பூட்டிய வீட்டில் அடுப்பும் தீப்பெட்டியும் இருக்கின்றன. ஏர்வாடியில் தீயைவிடத் தப்ப வழியில்லாமைதான் உயிர்களைக் கொண்டுபோனது. அண்டை வீட்டாரிடம் ஒரு சாவி கொடுத்து வைப்பது, பெரியவரின் சட்டைப்பையில் தொலைபேசி எண் எழுதிய சீட்டு வைப்பது, உறவினர் முறை வைத்துப் பகலில் வந்து பார்ப்பது ஆகியன செலவில்லாத ஏற்பாடுகள். நம் ஜமாஅத்துகள் ஜனாஸாவுக்கு ஆள் திரட்டும் வேகத்தில் இதற்கும் ஆள் திரட்டலாம்.

பெரியவர்களிடம் தெரியும் மாற்றத்தை ஜின்னின் வேலை, ஷைத்தானின் வேலை என்று சொல்வது நம்மிடையே பரவலாக உள்ளது. ஜின்கள் இருப்பதை நாம் நம்புகிறோம். ஆனால் நன்றாக இருந்தவர் இரண்டே நாளில் குழம்பி, இரவில் உறங்காமல் பிதற்றினால், அது பெரும்பாலும் சிறுநீரில் நோய்த்தொற்றாகவோ, இரத்தத்தில் உப்பு குறைந்ததாகவோ, புதிதாகத் தொடங்கிய மாத்திரையின் விளைவாகவோ இருக்கும். அன்றே மருத்துவமனைக்குப் போனால் மீள்வார். ஓதிப் பார்த்துக்கொண்டு ஒரு வாரம் கழித்தால் உயிருக்கே ஆபத்து. மூலையில் சிறு குழந்தைகள் நிற்பதாகச் சொல்வதும் ஒருவகை மறதிநோயின் அறிகுறி. மருமகள் பணத்தைத் திருடிவிட்டாள் என்ற புகாரும் அப்படித்தான். வைத்த இடம் மறந்த மனம் ஒரு காரணத்தைத் தேடுகிறது. இந்த ஒரு புகாரால் பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ! மனச்சோர்வோ சத்தமில்லாமல் வரும். உடம்பெல்லாம் வலி, பசியில்லை, அல்லாஹ் என்னை எடுத்துக்கொண்டால் போதும் என்ற பேச்சு. அதை ஈமானின் பக்குவம் என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது.

முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் மருந்துண்டு என்ற நபிமொழியைக் காட்டி, வயதானவருக்கு வைத்தியம் எதற்கு என்று வாதிடுவோரும் உண்டு. அந்நபிமொழி வைத்தியம் செய்யச் சொல்வதில்தான் தொடங்குகிறது. மருந்தில்லாதது முதுமைக்கு; முதுமையில் வரும் நோய்களுக்கு அல்ல.

மார்க்கச் சட்டத்தில் இரண்டு செய்திகளைக் குடும்பங்கள் அறிந்திருப்பது நல்லது. உறங்குபவர், சிறு பிள்ளை, புத்தி நீங்கியவர் ஆகிய மூவரிடமிருந்தும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்பது நபிமொழியின் கருத்து. அறிவு முற்றிலும் மங்கியவர் மீது தொழுகை கடமையில்லை. ரக்அத் மறந்த தந்தையை நிறுத்தி வைத்துத் திரும்பத் திரும்பத் தொழச் சொல்வது அவருக்கும் வேதனை, நமக்கும் பலனில்லை. அவராக விரும்பித் தக்பீர் கட்டினால் பக்கத்தில் ஒருவர் நின்றுகொள்ளலாம்.

மற்றது சொத்து. புத்தி தெளிவில்லாதவர் கொடுத்த ஹிபாவும் போட்ட கையெழுத்தும் செல்லாது. அந்நிஸா அத்தியாயம், பொருளை நிர்வகிக்க இயலாதவரிடம் அதை ஒப்படைக்காமல், அதிலிருந்தே அவருக்கு உணவும் உடையும் தந்து, அவரிடம் இனிமையாகப் பேசும்படி கட்டளையிடுகிறது. நிர்வகிப்பவருக்கு அது அமானிதம். நம் பகுதியில் நிலத்தின் மதிப்பு உயர்ந்த பிறகு, நினைவு தடுமாறும் தாயைப் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லும் செய்திகள் காதில் விழுகின்றன. கவனித்துக்கொள்வதாகச் சொல்லிச் சொத்தை எழுதி வாங்கிவிட்டுக் கைவிட்டால், அந்தப் பத்திரத்தை ரத்துச் செய்ய 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் வழியுண்டு. அவ்வாறு கவனிப்போம் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தால் வழக்கு எளிதாகும்.

மருத்துவத்திற்கு நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்கு அருகில்தான். நேரில் போகத் தயங்குவோர் 14416 என்ற அரசின் மனநல எண்ணில் தமிழிலேயே பேசலாம். முதியோர் உதவிக்கு 14567. மருத்துவரிடம் போகும்போது பெரியவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். மாற்றம் எந்த மாதத்தில் தொடங்கியது, முதலில் எதை மறந்தார் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இக்திலாத் எப்போது தொடங்கியது என்று ஹதீஸ் அறிஞர்கள் முதலில் கேட்டதைத்தான் மருத்துவரும் முதலில் கேட்பார்.