பதினான்கு விளக்கும் பதினான்கு கீரையும்



ஐப்பசி என்றதும் தமிழ்நாட்டாருக்கு அடைமழை நினைவுக்கு வரும். வங்காளத்திலோ அப்போது மழை ஓய்ந்து, வானம் தெளிந்து, வயலில் ஆமன் நெல் முற்றத் தொடங்கியிருக்கும். சரத்காலம் முடிந்து ஹேமந்தம் புகும் அந்நாட்களில், காளி பூஜைக்கு முந்திய தினம் ‘பூத் சதுர்தசி’ எனப்படுகிறது. நாம் விடியற்காலையில் எண்ணெய் தேய்த்து நீராடும் அதே நரக சதுர்த்தசித் திதிதான் அது. கொல்கத்தாவில் குடியேறிய தமிழர் வீட்டில் புத்தாடையும் இலேகியமும்; அடுத்த வீட்டு வங்காளியின் இல்லத்தில் பகலில் பதினான்கு கீரை, அந்தியில் பதினான்கு விளக்கு.

பெயரைக் கேட்டதும் நம்மவர் சிலர் மருளக்கூடும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கும் இச்சொல் எளிதாக வசப்படவில்லை. வங்க மொழியில் ‘பூத்’ என்றால் பேய். தமிழில் பூதம் வேறு, பேய் வேறு. சிலப்பதிகாரத்துச் சதுக்கப் பூதம் புகார் நகரின் காவலன் அன்றோ? வடமொழியில் ‘பூத’ என்னும் சொல்லுக்கு ‘ஆகிக் கழிந்தது’ என்றும் பொருளுண்டு. இறந்தகாலத்தைப் பூதகாலம் என்பர். இப்பொருளைக் கைக்கொண்டால் திருநாளின் உட்கருத்து விளங்கும். அன்றிரவு வருவோர் அக்குடும்பத்தின் பதினான்கு தலைமுறை முன்னோர் என்பது வங்காளியரின் நம்பிக்கை. அவர்களுக்கு வழிகாட்டவும், தீய ஆவிகளை விலக்கவும் வாயிலிலும், துளசி மாடத்திலும், வீட்டின் இருண்ட மூலைகளிலும் அகல் ஏற்றுவர். அத்திதியில் யமனுக்குச் செய்யும் தர்ப்பணத்திலும் யமன் முதல் சித்திரகுப்தன் வரை பதினான்கு பெயர்களே சொல்லப்படுகின்றன. தமிழ்நாட்டிலும் அந்தத் தர்ப்பணம் செய்யும் குடும்பங்கள் உண்டு.

உறவினராக வரும் பேயிடம் அச்சம் நெடுநேரம் நிற்பதில்லை. ஆகையால் வங்காளத்துப் பேய்க் கதைகளில் நகைச்சுவை மிகுதி. லால் பிஹாரி தே 1883இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நாட்டுப்புறக் கதைத் தொகுதியிலேயே அந்தணப் பேயான பிரம்மதைத்யன் இடம்பெற்றுவிட்டான். சங்கு வளை அணிந்த சுமங்கலிப் பேய் ‘சாக்சுன்னி’. மீன் கூடையோடு செல்பவரிடம் மீன் கேட்டு நச்சரிப்பது ‘மேச்சோ பூத்’. ஊரில் எத்தனை வகை மனிதரோ, அத்தனை வகைப் பேய்!

உபேந்திரகிஷோர் ராய் சௌதுரி 1915இல் ‘சந்தேஷ்’ என்னும் சிறுவர் பத்திரிகையில் கூபி, பாகா என்னும் இரு பாமர இசைப்பித்தர்களின் கதையை எழுதினார். அவருடைய பேரர் சத்யஜித் ராய் 1969இல் அதைத் திரைப்படமாக அளித்தார். அதில் அரசர், குடியானவர், வெள்ளையர், பருத்த உடலினர் என நால்வகைப் பேய்கள் கானகத்தில் ஆடுகின்றன. அந்த ஆட்டத்திற்கு ராய் தேர்ந்தெடுத்த வாத்தியங்கள் யாவை? மிருதங்கம், கடம், கஞ்சிரா, மோர்சிங்! வங்கத்துப் பேய்களை ஆட்டிவைத்தது தென்னாட்டுத் தாளம் என்பது நம்மவர் பலரும் அறியாத செய்தி. பேயரசனிடம் அவ்விருவரும் முதலில் வேண்டிய வரம், உணவும் உடையும். பின்னர்ப் பசித்த படைவீரர்முன் வானிலிருந்து இனிப்புப் பானைகளை இறங்கச் செய்து, போரையே அவர்கள் நிறுத்திவிடுகிறார்கள்.

கதையில் இனிப்பு வந்தது. திருநாளில் வங்காளியர் உண்பதோ கீரை. 16ஆம் நூற்றாண்டில் நவத்வீபத்தில் வாழ்ந்த ஸ்மிருதி ஆசிரியர் ரகுநந்தனர் அக்கீரைகளைப் பட்டியலிட்டிருக்கிறார். பெயர்கள் அயலாகத் தோன்றும், பொருள்கள் அப்படியல்ல. ‘ஓல்’ என்பது நம் சேனை, ‘சர்ஷே’ கடுகுக் கீரை, ‘பேதோ’ சக்கரவர்த்திக் கீரை, ‘ஜயந்தி’ சிற்றகத்தி, ‘ஷாஞ்சே’ பொன்னாங்கண்ணி, ‘குலஞ்ச’ சீந்தில், ‘சுஷ்னி’ ஆரைக்கீரை, ‘நிம்’ வேம்பு. பதினான்கில் எட்டு நம் ஊர்ப் பக்கத்திலும் வளர்பவை. பருவம் மாறுங்கால் உடல் நலம் குன்றாதிருக்க இவற்றை உண்ணவேண்டும் என்பது முன்னோர் கருத்து. நாம் இஞ்சியும் திப்பிலியும் சேர்த்து இலேகியம் கிளறுவதும் அந்த எண்ணத்தினால்தான்.

இவற்றுள் பல பயிரிடப்படுபவை அல்ல. வேலியோரத்திலும் குளக்கரையிலும் தாமே முளைப்பவை. 1943ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்தில் அரிசி கிட்டாத வங்கக் கிராமத்தார் இத்தகைய இலைகளையும் கிழங்குகளையும் தேடித் தின்றனர். எது உண்ணத்தக்கது, எது ஆகாதது என்னும் அறிவு அன்று உயிர் காக்கும் அறிவாயிற்று. ஆண்டுக்கொருமுறை பதினான்கையும் பெயர் சொல்லிப் பறித்த வழக்கம் அவ்வறிவைப் பேணியது என்று சொன்னால் மிகையாகாது. இன்று நகரத்துச் சந்தையில் நறுக்கிக் கலந்த கீரை கூறாக விற்கப்படுகிறது. வாங்குவோரில் பதினான்கு பெயரையும் சொல்லவல்லார் அரியர். குளம் தூர்ந்தால் கீரை போகும். கீரை போனபின் பெயரும் போகும்.

நம் நிலையும் அதுவே. வெளிமாநிலத்தில் பிறந்த நம் பிள்ளைகளில் பொன்னாங்கண்ணியைக் கண்டதும் பெயர் சொல்பவர் எத்தனை பேர்? அடுத்த சதுர்த்தசிக்கு முன் அண்டை வீட்டு மூதாட்டியார் கீரை பறிக்கப் புறப்பட்டால், குழந்தைகளையும் உடன் அனுப்புங்கள். அவர் வங்கப் பெயரைச் சொல்லட்டும். வீடு திரும்பியதும் தமிழ்ப் பெயரை நீங்கள் சொல்லுங்கள். அந்தியில் அவர்கள் ஏற்றும் பதினான்கு விளக்கில் ஒன்றை நம் குழந்தையும் ஏற்றி வரட்டும்.