90க்கு மேல் பாட்டு இல்லை

கண்டியில் வாகனம் ஓட்டுறவங்க தினமும் கேட்டும், அநேகமானவங்களுக்கு அர்த்தம் தெரியாத ஒரு வசனம் இருக்கு. சாவியைத் திருப்பினதும் ஒரு ஜப்பான் பெண் குரல் ரொம்ப மரியாதையாகச் சொல்லும்: "ஈ.டி.சி. காடோ கா சோனியூ சரெதே இமசென்." எங்க வீட்டு வேகன் ஆர் வந்த புதுசுல, அவள் காலை வணக்கம் சொல்றாள் என்றுதான் அம்மா நினைச்சிருந்தாங்க. கெம்பஸில் ஜப்பான் மொழி படிக்கிற தோழி ஒருத்தி ஒருநாள் ஏறினபோதுதான் விஷயம் தெரிஞ்சது. "ஈ.டி.சி. அட்டை செருகப்படவில்லை" என்கிறாளாம். ஜப்பானின் அதிவேக வீதிகளில் நிறுத்தாமலே கட்டணம் செலுத்துவதற்கான அட்டை அது. கம்பளையிலிருந்து கெலிஓயா, பேராதனை வழியாகக் கண்டிக்கு வரும் பாதையில் அப்படியொரு வாயில் கிடையாது. ஆனாலும் அவள் ஒவ்வொரு நாளும் நினைவூட்டுவாள்.

குரல் பரவாயில்லை. பெரிய தலைவலி ரேடியோ. இலக்கம் 76.0இல் தொடங்கி 90.0க்கு வரும், அதற்கு மேல் திருப்பினால் மறுபடி 76. இலங்கையில் எப்.எம். ஒலிபரப்பு நடப்பது 87.5இலிருந்து 108 மெகாஹேர்ட்ஸ் வரை. ஆக, ஹயர் ஓடுகிற எங்க அப்பாவுக்கு முழு வானொலியிலும் கிடைத்தது அடியில் கிடக்கும் இரண்டரை மெகாஹேர்ட்ஸ் துண்டு மட்டும்தான். அவர் கேட்கிற தமிழ் நிகழ்ச்சி எதுவும் அந்தத் துண்டுக்குள் அகப்படல. புது செட் போடக் காசில்லை. பத்தாயிரம் ரூபாவுக்குள்ளே ஏதாவது செய்யலாமா என்று பார்க்கத்தான் நானும் அப்பாவும் கண்டிக் கடைத்தெருவில் இறங்கினோம். வரலாறு படிக்கிற பிள்ளை என்பதால், வயரைப் பிடிக்கப் போன நான் வேறு எங்கெல்லாமோ போய்விட்டேன்.

முதலில் இந்த 90. ஜப்பான்காரன் ஏன் அங்கே கோடு போட்டான்? 1953இல் அங்கே தொலைக்காட்சி தொடங்கியபோது 90 முதல் 108 வரையான இடத்தை முதல் மூன்று தொலைக்காட்சி அலைவரிசைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். பிறகு வந்த எப்.எம். அதற்குக் கீழே, 76க்கும் 90க்கும் நடுவில் குடியேறியது. 2011 ஜூலையில் பழைய முறைத் தொலைக்காட்சி ஜப்பானின் பெரும்பகுதியில் நிறுத்தப்பட்ட பின் மேல் வீடு காலியானது. 2014 கடைசியில்தான் 90 முதல் 95 வரையான பகுதியில் வானொலி ஒலிபரப்பு ஆரம்பித்தது. எங்க வண்டி அதற்குக் கொஞ்சம் முந்தினது. அதாவது அரை நூற்றாண்டுக்கு முன்னால் டோக்கியோவில் யாரோ எடுத்த முடிவு ஒன்று, கம்பளையில் அப்பாவின் காதைக் கட்டி வைத்திருந்தது. வேடிக்கை என்னவென்றால், மத்திய அலை மட்டும் அப்படியே ஒத்துப்போகும். 9 கிலோஹேர்ட்ஸ் இடைவெளி, அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். ஆனால் இந்த வண்டிகள் நம்ம ஊருக்கு வந்து சேரும்போது நம்மவர்கள் மத்திய அலையை விட்டு எப்.எம்.முக்குப் போய்விட்டார்கள்.

"கொம்பனி செட்டை மாத்தினா வண்டி கெட்டுப்போகும்" என்று பயப்படுறவங்களுக்கு ஒரு தகவல். கார் ரேடியோ தொடக்கத்திலேயே வெளியிலிருந்து பூட்டுகிற சாமான்தான். 1930இல் சிக்காகோவில் கல்வின் சகோதரர்கள் மோட்டோரோலா என்ற பெயரில் விற்ற செட்டு, அன்றைய மலிவான ஃபோர்ட் கார் ஒன்றின் விலையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. காரை வாங்கிக்கொண்டு வந்து, பிறகு தனியாகப் பூட்ட வேண்டும். தொழிற்சாலையிலேயே பூட்டி வருவது சர்வசாதாரணமானது பிற்காலத்தில்தான். ஆகவே டாஷ்போர்டைக் கழற்றுறது ஒன்றும் பாவம் இல்லை, பழைய மரபு.

இலங்கையில் வானொலி 1925 டிசம்பரில் முறையாகத் தொடங்கியது. தமிழ் வர்த்தக சேவையும், மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத் போன்ற குரல்களும் கடல் தாண்டித் தமிழ்நாடு வரை போன கதை உங்களுக்குத் தெரியும். அதை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. நான் யோசித்தது வேறு: அந்தக் குரலை வாகனத்தில் கேட்டவர் யார்? எங்க தாத்தா தலைமுறைத் தோட்டத்து ஆட்களுக்கு ரேடியோ என்பது லயத்தில் யாரோ ஒருத்தர் வீட்டில் இருந்த பெட்டி. கார் தோட்டத்துத் துரையினுடையது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலத்தில், இருந்த மொரிஸ் மைனரைத்தான் ஒட்டி ஒட்டி ஓட்டினார்கள். அதற்கு ரேடியோ வேறயா?

1977க்குப் பிறகு கதவு திறந்தது. ஜப்பான் வேன்கள் வந்தன, மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் கெசட் செட்டோடு திரும்பினார்கள். பிலிப்ஸ் கொம்பனி 1963இல் அறிமுகப்படுத்திய அந்தச் சின்னப் பிளாஸ்டிக் பெட்டிதான், என் கணக்கில், எங்க ஆட்களுக்கு வாகனத்தில் கிடைத்த முதல் சுதந்திரம். வானொலியில் யாரோ தேர்ந்த பாட்டு, கெசட்டில் நீங்களே தேர்ந்த பாட்டு. 'ரெக்கோர்டிங் பார்' ஞாபகம் இருக்கா? நமக்கு இருக்காது, வீட்டில் கேட்டுப் பாருங்க. கொப்பித் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால், இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். 60 நிமிடக் கெசட்டா, 90 நிமிடக் கெசட்டா என்று கடைக்காரர் கேட்பாராம். வாகனத்துக்கு 60 நல்லது என்கிறார் அப்பா. 90இல் நாடா மெல்லியது, வெயிலில் நிற்கிற வேனில் சுற்றிக்கொள்ளும்.

அப்பா இருபது வயதில் கம்பளை–கொழும்பு வேன் ஒன்றில் உதவியாளராக இருந்தார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இரவில் கிளம்பி, கடுகண்ணாவை இறக்கத்தில் இளையராஜா போட்டுக்கொண்டு போவாங்களாம். ஆனால் டாஷ்போர்டில் எப்பவும் ஒரு சிங்களக் கெசட் தயாராக இருக்கும். தூரத்தில் பீப்பாயும் லைட்டும் தெரிந்தால் சாரதி ஒன்றும் சொல்ல மாட்டார், அப்பாவின் கை தானாகப் போய் கெசட்டை மாற்றிவிடும். சோதனைச் சாவடி தாண்டி இரண்டு வளைவு போனதும் மறுபடி மாற்றம். "யாராவது அப்படிச் செய்யச் சொன்னாங்களா?" என்று கேட்டேன். "இல்ல புள்ள. யாரும் சொல்லல." கெசட் தடை செய்யப்பட்ட பொருளும் இல்லை. அடையாள அட்டையில் பெயர் எப்படியும் இருக்கும். ஆனாலும் அட்டையைப் பார்க்கும் முன்பே பாட்டு பேசிவிடக்கூடாது.

1998 ஜனவரி 25இல் தலதா மாளிகையில் புலிகளின் குண்டு வெடித்தது. அங்கே மக்கள் இறந்தார்கள். பெப்ரவரி 4இல் கண்டியில் நடக்கவிருந்த 50ஆவது சுதந்திர தின விழா கொழும்புக்கு மாற்றப்பட்டது. மாளிகைக்கு முன்னால் போகும் வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. கண்டியில் இன்றைக்கும் நாம் திட்டிக்கொண்டே மாட்டிக்கொள்ளும் வாகன நெரிசலில் அந்த நாளுக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தக் கிழமைகளில் வேனில் பாட்டே போடவில்லை என்கிறார் அப்பா, எந்த மொழியிலும்.

அதே 1998இல்தான் சூரியன் எப்.எம்.மும் சக்தி எப்.எம்.மும் தொடங்கின. எனக்கு இது பாடப்புத்தகம் ஒன்றில் கிடைக்காத பொருத்தம். நகரத்தில் தமிழ்ப் பாட்டை ஆட்கள் அடக்கிவைத்த அதே வருஷம், நாள் முழுக்கத் தமிழ் பேசுகிற தனியார் வானொலிகள் காற்றில் வந்தன. ரேடியோவுக்கு ஒரு வசதி இருந்தது: கெசட்டைப் போல அதை மாற்றிப் போட வேண்டாம், கேட்டால் "தானா வருது" என்று சொல்லலாம். இது என் ஊகம், அப்பா சிரித்தார், மறுக்கவில்லை.

ஆனால் அதைக் கேட்க வேண்டிய வண்டிகள் ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் வண்டிகள். 90இல் நின்றவை. அந்த இடைவெளியை நிரப்பியது தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு பெட்டி. கடைகளில் 'பேண்ட் எக்ஸ்பேண்டர்' என்று கேட்டால் தருவார்கள். அன்டெனா வயருக்கும் செட்டுக்கும் நடுவில் பூட்ட வேண்டும். அது செய்வது வெறும் கழித்தல். எங்களுக்குக் கிடைத்த பெட்டியின் அளவு 18. காற்றில் 104இல் வருவது செட்டில் 86இல் கேட்கும், 98 என்பது 80 ஆகும். அதனால்தான் நம்ம ஊர் ஹயர் வண்டிகளில் சன்கிளாஸ் தட்டிக்குப் பின்னால் இலக்கங்கள் எழுதின சின்னத் துண்டு ஒட்டியிருக்கும். ஒவ்வொரு அலைவரிசைக்கும் அந்தச் சாரதிகளிடம் இரண்டு பெயர், ஊருக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று.

குறையும் உண்டு. 94க்குக் கீழே இருப்பது இந்தக் கழித்தலில் 76க்குக் கீழே விழுந்து காணாமல் போகும். 105.5க்கு மேலே உள்ளவை, ஏற்கெனவே 87.5க்கும் 90க்கும் நடுவில் இருப்பவற்றின் மேல் ஏறி உட்கார்ந்து இரண்டு பேரும் சேர்ந்து பேசுவார்கள். மலைநாட்டில் இன்னொன்று: எப்.எம். அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போவது. ஹந்தானை உச்சிக் கோபுரங்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் தெளிவு, மலைக்குப் பின்னால் திரும்பினால் இரைச்சல். பெட்டியைக் குறை சொல்லாதீங்க.

இப்போ நாங்க செய்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். நடுவில் 2022, பெற்றோல் வரிசை, கியூ.ஆர். அந்த ஐந்து வருஷத்தில் பழைய வண்டி விலை ஏறியது, மாற்ற முடியாதவர்கள் இருக்கிற வண்டியையே திருத்தினார்கள். கண்டியில் நாங்க போன கடை நானா முதலில் ஏழு அங்குல ஆண்ட்ராய்டு திரை ஒன்றைக் காட்டினார். அழகுதான். அதற்குச் சட்டகம் வேறு, வயர் கொக்கி வேறு, கூலி வேறு. "அண்ணே, பாட்டுக் கேட்கவா, படம் பார்க்கவா?" என்று அவரே கேட்டார். பாட்டுக்கு என்றதும் திரையை உள்ளே வைத்துவிட்டார். நல்ல மனுஷன்.

அவர் சொன்னதையும் நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்றேன். கொம்பனி செட்டை வையுங்க. பேண்ட் எக்ஸ்பேண்டர் போடுங்க, மிச்சக் காசை முன்கதவு ஸ்பீக்கருக்குப் போடுங்க. ஸ்பீக்கர் பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் வாட்ஸ் கணக்கைப் பார்த்து ஏமாறாதீங்க. வண்டி மின்சாரம் 14.4 வோல்ட், ஸ்பீக்கர் 4 ஓம் என்றால் செட்டுக்குள் இருக்கும் அம்ப் சுத்தமாகத் தரக்கூடியது, காகிதக் கணக்கிலேயே 26 வாட்ஸ். நடைமுறையில் இன்னும் குறைவு. அதனால் சின்ன எழுத்தில் இருக்கும் டெசிபல் இலக்கத்தைப் பாருங்க. 89க்குப் பதில் 92 என்றால், அதே செட்டின் பலத்தை இரட்டிப்பாக்கின மாதிரி.

மலிவான வேலைதான் அதிக பலன் தந்தது. கதவு மூடியைக் கழற்றினால் உள்ளே தகட்டில் பெரிய பெரிய ஓட்டைகள். ஸ்பீக்கரின் முதுகிலிருந்து வரும் ஒலி அதன் வழியாக வந்து முன்னால் வருவதைத் தின்றுவிடும், முதலில் போவது மிருதங்க அடி. ஒட்டும் தாரைத் தகட்டை வாங்கி அந்த ஓட்டைகளை மூடினோம். கதவின் அடியில் இருக்கும் சின்னத் துளைகளை மட்டும் மூடாதீங்க. அவை மழைத் தண்ணீர் வெளியே போக. கண்டி மழைக்கு அவற்றை மூடினால் கதவு மீன்தொட்டி ஆகிவிடும்.

ஒரு பிழையும் செய்தோம், என் பிழைதான். பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் வயரை நானே பூட்டுவேன் என்று அடம்பிடித்தேன். சாவி திருப்பினால் மட்டும் உயிர் வரும் சிவப்பு வயருக்குப் பதில், எப்போதும் உயிரோடு இருக்கும் மஞ்சளில் கொடுத்துவிட்டேன். ஓடுகிற வரைக்கும் ஒன்றும் தெரியல. அப்பா கண் ஒபரேஷன் செய்து மூன்று வாரம் வீட்டில் இருந்தார், வண்டி அசையல. நாலாவது வாரம் சாவியைத் திருப்பினால் ஜப்பான் அக்காகூடப் பேசல. பழைய பெற்றரியைச் சொட்டுச் சொட்டாக அந்தத் தீப்பெட்டி குடித்து முடித்திருந்தது. நானா வந்து வயரை மாற்றிவிட்டு, "மகள், பரீட்சையில் சரியா எழுதுவீங்கதானே?" என்றார். காசு வாங்கல.

போகும்போது அவர் கேட்டார், அந்த ஈ.டி.சி. பெட்டியையும் கழற்றிவிடவா, ஒரு நிமிஷ வேலை. அப்பா வேண்டாம் என்றார். "அவ இருக்கட்டும்."

அன்றிரவு அம்மாவைக் கூட்டிக்கொண்டு கண்டிக்குப் போனோம். செட்டில் 86, காற்றில் 104. கதவு உண்மையாகவே பாடியது, மிருதங்கம் முழங்காலில் தட்டியது. வாவிக்கரையில் வாகனங்கள் ஊர்ந்தன. முன்னால் பொலிஸ்காரர் ஒருவர் லைட் பிடித்து வண்டிகளைத் திருப்பிக்கொண்டிருந்தார், வேறொன்றும் இல்லை. அப்பாவின் இடது கை ஸ்டியரிங்கை விட்டு ரேடியோப் பொத்தானுக்குப் போனது. சத்தம் குறைந்தது. நான் அவர் கையைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"பழக்கம் புள்ள" என்றார். வளைவு தாண்டினதும் அவரே கூட்டினார்.