அமுகனும் ஏவுரையும்: ஆவண வார்ப்புருக்களின் வரலாறு குறித்துச் சில கருத்துகள்

வழக்கறிஞர் அலுவலகங்களில் செயற்கை நுண்ணறிவின் துணையுடன் ஆவண வரைவு எழுதும் வழக்கம் அண்மைக்காலத்தில் பரவி வருகிறது. எந்திரத்திற்கு இடும் ஏவுரையை ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதாமல், மாறாத பகுதியை ஒருமுறை வகுத்துக்கொண்டு, பெயர், ஊர், தொகை, நாள் ஆகியவற்றிற்கு மட்டும் இடம்விட்டு வைக்கின்றனர். இதனை ஏவுரை வார்ப்புரு எனலாம். இது கணினியியலார்க்கு உரிய பொருளாகவே கருதப்படுகிறது. ஆயினும் எச்சொற்களை நிலையாக நிறுத்துவது, எவ்விடங்களை வெறுமையாக விடுவது என்னும் வினா இந்திய ஆவண எழுத்தர்களுக்குப் புதியதன்று. இடைக்காலக் குசராத்தில் தொகுக்கப்பெற்ற இலேகபத்ததி என்னும் வடமொழி மாதிரி ஆவணத் தொகுப்பை முதன்மையாகக் கொண்டு அவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

இன்னார் என்னும் இடம்

வார்ப்புருவின் வேர் தருமசாத்திரங்களில் உள்ளது. கடன் ஆவணத்தில் ஆண்டு, மாதம், பக்கம், நாள், பெயர், சாதி, கோத்திரம், தந்தை பெயர் ஆகியன இடம்பெற வேண்டும் என்கிறது யாக்ஞவல்கிய ஸ்மிருதி. எழுதி முடிந்தபின், மேலே எழுதியது தனக்கு உடன்பாடு எனக் கடன் பெற்றவன் தன் கையால் எழுத வேண்டும். சாட்சிகளும் தத்தம் தந்தை பெயருடன் எழுத வேண்டும். இறுதியில் எழுத்தன், இருவரும் வேண்டியதால் இன்னார் மகனாகிய இன்னான் எழுதினேன் என முடிக்க வேண்டும். 'இன்னான்' என்னும் இடத்தில் அங்கு நிற்கும் வடசொல் 'அமுக' என்பதாகும். பின்வந்த வார்ப்புருக்களிலும் காணப்படும் வெற்றிடக் குறி இதுவே. சோழர் கால ஆவணங்களின் ஈற்றில் எழுதியவன் தன் பெயர் சுட்டி இவை என் எழுத்து என முடிப்பதைக் கல்வெட்டுப் பயிற்சியுடையார் அறிவர். மொழி வேறாயினும் பொறுப்பேற்கும் முறை ஒன்றே.

1288 என்னும் ஆண்டு

இலேகபத்ததியைச் சி. டி. தலால் பதிப்பிக்கத் தொடங்கினார். கஜானன் சிரீகொண்டேகர் நிறைவு செய்தார். பரோடாவின் கெய்க்வாட் கீழ்த்திசை நூல் வரிசையில் 19ஆம் எண்ணாக அது 1925இல் வெளிவந்தது. நிலக்கொடை, அதிகாரி நியமனம், அடகு, விற்பனை, அடிமை ஆவணம், தந்தை மகனுக்கு எழுதும் மடல் எனப் பலவற்றிற்கும் அதில் மாதிரி உண்டு. இவ்வகைத் தொகுப்பின் சுவடி ஒன்றை ஆராய்ந்த ரா. கோ. பண்டார்கர், தக்கணத்தின் பண்டை வரலாறு பற்றிய தம் நூலில் ஒரு நுட்பத்தைச் சுட்டினார். மாறக்கூடிய பெயர்கள் வரவேண்டிய இடங்களில் 'அமுக' என்றே காணப்படுகிறது. நாள் குறிக்கும் இடத்தில் மட்டும் அவ்வாறில்லை. விக்கிரம ஆண்டு 1288, வைகாசி வளர்பிறை 15 என்னும் ஒரே நாள் படிவந்தோறும் மீண்டும் மீண்டும் வருகிறது. அவற்றுள் ஒன்று யாதவ மன்னன் சிங்கணனும் குசராத்தின் இலவணப்பிரசாதனும் செய்துகொண்ட உடன்படிக்கையின் வடிவில் உள்ளது.

இதனை அப்படியே ஏற்றால், கி.பி. 1231-32இல் அந்நாளில் அவ்வுடன்படிக்கை கையெழுத்தாயிற்று என வரலாறு எழுத நேரும். பண்டார்கர் அவ்வாறு எழுதவில்லை. அந்நாள் படிவநூலுக்கு உரியது. உடன்படிக்கைக்கு உரியதன்று என அவர் கண்டார். அக்காலத்தை ஒட்டி அவ்விருவரிடையே உடன்படிக்கை ஒன்று ஏற்பட்டிருக்கும் என்ற அளவிலேயே அதனைச் சான்றாகக் கொண்டார். வெற்றிடமாக விட வேண்டிய இடத்தில் எடுத்துக்காட்டாக இட்ட ஒரு நாள், பல நூற்றாண்டுகட்குப் பின்னரும் உண்மை நாள் போல் தோற்றமளித்தது.

இன்றைய ஏவுரைகளிலும் இதே இடர்ப்பாடு உண்டு. நடை விளங்கும் பொருட்டுப் பழைய விற்பனைப் பத்திரம் ஒன்றை மாதிரியாக இணைத்தால், அதிலுள்ள சர்வே எண்ணோ எல்லை விவரமோ புதிய பத்திரத்தில் ஏறிவிடக்கூடும். ஆதலின் மாதிரியைத் தனியே பிரித்து, இது நடைக்கு மட்டுமே என வெளிப்படக் கூறுவதும், மாதிரியின் பெயர்களையும் எண்களையும் முன்னரே 'இன்னார்', 'இன்ன எண்' என மாற்றிவிடுவதும் தேவையாகின்றன.

நிலைப்பகுதியின் வலிமை

வெற்றிடத்தை விடவும் கூர்ந்து நோக்கத்தக்கது வார்ப்புருவின் மாறாப் பகுதி. இலேகபத்ததியில் தானே வந்து அடிமையாகும் பெண்ணுக்குரிய ஆவண மாதிரி ஒன்று உள்ளது. பஞ்சத்தாலும் கொள்ளையாலும் நிலைகுலைந்து ஊர் ஊராக அலைந்ததாகவும், வாழ்நாள் முழுதும் அடிமையாக ஏற்குமாறு தானே வேண்டியதாகவும் அவள் கூற்றாக அது அமைகிறது. அரைத்தல், பெருக்குதல், நீர் சுமத்தல், வயல் வேலை எனப் பணிகள் அடுக்கப்படுகின்றன. அவள் உயிரை மாய்த்துக்கொண்டால் உடையவனுக்குப் பழியில்லை என்பதும் அவள் வாயாலேயே சொல்லப்படுகிறது. இச்சொற்கள் எந்தப் பெண்ணும் கூறியவை அல்ல. அவள் வருமுன்பே எழுத்தனின் ஏட்டில் இருந்தவை. இத்தகைய ஆவணத்தை அவளது ஒப்புதலுக்குச் சான்றாகக் காட்டுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இன்று வாடகை ஒப்பந்தமோ பணி ஒப்பந்தமோ வரையுமாறு எந்திரத்தை ஏவும்போதும், யார் சார்பில் என்று கூறாவிடின், அது பயின்ற ஆவணங்களில் மிகுதியாக உள்ள சார்பே வரைவில் இடம்பெற வாய்ப்புண்டு. அவ்வகை ஆவணங்கள் பெரும்பாலும் வலியவர் செலவில் எழுதப்பட்டவை. எனவே கட்சிக்காரர் யார், எதனை அவர் விட்டுக்கொடுக்க மாட்டார், எதிர்த்தரப்பின் எந்த உரிமையைச் சட்டப்படி நீக்க இயலாது என்பனவற்றை ஏவுரையின் தொடக்கத்திலேயே அமைத்தல் வேண்டும்.

குற்றங்களின் பட்டியலும் அதில் இல்லாத குற்றமும்

அரச சாசனம் எழுதுவோர்க்குக் கௌடலியரின் அர்த்தசாத்திரம் ஆறு குணங்களையும் ஐந்து குற்றங்களையும் வகுத்தது. பொருள் ஒழுங்கு, இயைபு, நிறைவு, இனிமை, பெருமிதம், தெளிவு என்பன குணங்கள். முன்னொடு பின் முரணல், சொன்னதையே சொல்லல், வழூஉச்சொல் முதலியன குற்றங்கள். தொல்காப்பிய மரபியல் கூறும் கூறியது கூறல், மாறுகொளக் கூறல் ஆகிய நூற்குற்றங்களோடு இவற்றுட் சில ஒத்திருத்தல் காணலாம். ஆனால் இல்லாததைப் புனைந்து எழுதுதல் கௌடலியரின் ஐந்தனுள் இடம்பெறவில்லை. எழுத்தன் தனக்குச் சொல்லப்பட்டதையே எழுதுவான் என்பது அப்பகுதியின் அடிப்படை. எந்திரமோ முரணின்றி, தெளிவாக, நிறைவாகப் பொய்யுரைக்க வல்லது. நியூயார்க்கில் மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கில் சாட்ஜிபிடி புனைந்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டியதற்காக 2023இல் வழக்கறிஞர்கட்கு 5,000 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. கௌடலியரின் அளவுகோலால் அம்மனுவைச் சோதித்திருந்தால் அக்குற்றம் அகப்பட்டிருக்காது.

1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் தன் பின்னிணைப்பில் வழக்குரை மாதிரிகளைத் தந்து, பொருந்தாவிடத்து இயன்றவரை அவற்றை ஒத்த வடிவைக் கையாளுமாறு பணித்தது. அம்மாதிரிகளின் வெற்றிடம் தானே நிரம்பாது. செயற்கை நுண்ணறிவின் முன் வைக்கும் வெற்றிடம் நிரம்பிவிடும். ஆகவே இன்றைய வார்ப்புருவில் இன்றியமையாத தொடர் இவ்வாறு அமையலாம்: "தரப்படாத பெயர், நாள், எண், தீர்ப்பு எதனையும் நீயாக நிரப்பாதே, அவ்விடத்தில் 'விவரம் தேவை' என்று மட்டும் எழுது." நிகழ்வின் நாளையும் தவறாது தர வேண்டும். 2024 சூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நிகழ்ந்த குற்றத்திற்குப் பழைய சட்டமே பொருந்தும். நாள் தெரியாத எந்திரம் இரண்டனுள் எதனையும் எழுதக்கூடும்.

எஞ்சியிருப்பது யாக்ஞவல்கியர் கூறிய இறுதி வரி. 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழக்குரையில் கட்சிக்காரரும், வழக்கறிஞர் அமர்த்தப்பட்டிருப்பின் அவரும் கையொப்பமிட வேண்டும். உண்மை உறுதிமொழியும் வேண்டும். மாவட்ட நீதித்துறைக்கெனக் கேரள உயர்நீதிமன்றம் 2025 சூலையில் வெளியிட்ட கொள்கை, செயற்கை நுண்ணறிவைத் தீர்ப்பு முடிவுக்குப் பயன்படுத்தலாகாது என விலக்கியது. எந்திரத்திற்குத் தந்தை பெயரும் இல்லை, கையெழுத்தும் இல்லை. 'இன்னார் மகனாகிய இன்னான் எழுதினேன்' என்னும் இடத்தில், தாம் எழுதாத வரைவின் கீழ், இன்று வழக்கறிஞரே தம் பெயரை எழுதுகிறார்.