பெட்டி வாங்காத பட்டணம்

புதிய கருவி வந்ததும் பாய்ந்து வாங்காத மக்களைப் 'பழமைப் பித்தர்' என்று பழிப்போர் உண்டு. பழமையைச் சாடுவதில் நமக்குச் சலிப்பில்லை, தோழர்களே! ஆனால், வாங்க மறுப்பவனெல்லாம் பழமைப் பித்தனா?

1930-ல் சென்னை மாநகராட்சி வானொலியைத் தொடங்கிற்று. வானொலிப் பெட்டி செல்வர் மாளிகைப் பொருளாக இருந்த காலம் அது. மாநகராட்சி, கடற்கரையிலும் பூங்காவிலும் ஒலிபெருக்கி வைத்தது. காசின்றிக் கேட்கக் கிடைத்த அந்தப் புதுமையைக் கண்டு மக்கள் அஞ்சி ஓடினாரில்லை.

2003-ல் வேறொரு புதுமை வந்தது. கேபிள் தொலைக்காட்சியில் கட்டண அலைவரிசை காண வேண்டுமானால் 'செட்டாப் பாக்ஸ்' என்னும் தனிப்பெட்டி வேண்டுமென 2002-ல் சட்டம் செய்தது டில்லி. நான்கு மாநகரங்களுக்கென வகுத்த திட்டம், செப்டம்பர் 1 முதல் நிலைத்து நடந்ததோ சென்னையில் மட்டுமே! பெட்டியின் விலை ரூ.3,000-ஐ ஒட்டியும் மிஞ்சியும் இருந்தது. பெட்டி இல்லையா? மாதம் ரூ.72-ம் வரியும் கட்டினால் இலவச அலைவரிசைகள் முப்பதேனும் கிடைக்கும். தமிழ் அலைவரிசைகள் பல அதிலேயே அடங்கின.

இல்லத்தரசி கணக்குப் பார்த்தாள். விரும்பிப் பார்ப்பது பெட்டியின்றியே தெரிகிறது, பார்க்காததற்கு மூவாயிரமா? பெட்டி வாங்கியோர் மிகச் சிலரே. இதையா அறியாமை என்பது?

பெட்டியால் பயனே இல்லை என்று கூறமாட்டேன். எத்தனை வீட்டுக்குக் கேபிள் ஓடுகிறது என்பதைக் குறைத்துக் காட்டும் வித்தைக்கு அது முடிவு கட்டும். அலைவரிசை முதலாளிக்கு வருவாய், அரசுக்கு வரி. செலவு மட்டும் பார்ப்பவன் தலையில்! பிரிட்டனில் 1964-ல் 625 வரித் தொலைக்காட்சி வந்தபோது, பழைய 405 வரி ஒளிபரப்பை உடனே நிறுத்தினாரில்லை. 1985 ஜனவரி வரை நடத்தினர். பழைய பெட்டி தேய்ந்த பிறகு புதியதை வாங்க அங்கே அவகாசம் இருந்தது. இங்கோ கெடு! 2012 அக்டோபர் 31 என்று மீண்டும் ஒரு கெடு விதித்தபோது, சென்னையின் வழக்கு உயர்நீதிமன்றம் ஏறிற்று.

மாநகரத்தான் நிலை இதுவென்றால், கருங்குழி போன்ற பேரூரில்? (வள்ளலார் வாழ்ந்த, வடலூர்ப் பக்கத்துக் கருங்குழி அன்று, மதுராந்தகத்தை அடுத்தது.) நாட்கூலி பெறும் குடும்பத்துக்கு மூவாயிரம் என்பது பல நாள் அடுப்பு எரியும் காசு. வீட்டிலிருக்கும் தொலைக்காட்சி பழுதின்றி ஓடும்போதே, அதை ஊமையாக்கி விட்டு, 'வாய் திறக்க வேண்டுமானால் பெட்டி வாங்கு' என்றால், எரிச்சல் வராதா?

2017 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் தன் சந்தாதாரர்களுக்குப் பெட்டியை விலையின்றி வழங்கத் தொடங்கிற்று. லட்சக்கணக்கான வீடுகள் அதை வாங்கிப் பொருத்திக்கொண்டன.