வேரிழந்த வாண்டா

திருவெறும்பூர் மலைக்கோயிலின் சோழர் கல்வெட்டுகளைப் படித்தவர்க்குச் சோழமண்டலம் என்னும் பெயர் புதிதன்று. ஐரோப்பியர் நாவில் அது 'கோரமண்டல்' ஆயிற்று. 1795-இல் இலண்டனில் வெளிவரத் தொடங்கிய நூலொன்று அப்பெயரைத் தாங்கியது. வில்லியம் ராக்ஸ்பரோ எழுதிய 'கோரமண்டல் கரைத் தாவரங்கள்' என்பதே அது. அதன் முதல் தொகுதியில் ஓர் ஆர்க்கிட்டின் படம் உண்டு. மரக்கிளையைப் பற்றி வளர்ந்து, கட்டமிட்டாற்போன்ற கோலமுடைய இதழ்களோடு பூக்கும் அச்செடியை இன்று தாவரவியலார் வாண்டா டெஸ்ஸலேட்டா என்பர். தொற்றுத் தாவரத்துக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த 'வாண்டா' இதன் பேரினமே.

வந்தா என்ற வடசொல் மரத்தின்மேல் வாழும் புல்லுருவியைக் குறிப்பது. ஆயினும் வாண்டா புல்லுருவியன்று. தாங்கும் மரத்திடமிருந்து அது உணவு எதையும் உறிஞ்சுவதில்லை. காற்றில் தொங்கும் அதன் வேர்களைப் பஞ்சுபோன்ற வெலாமன் திசு போர்த்தியிருக்கிறது. மழை பெய்தவுடன் அது நீரைக் குடிக்கும்; பின்னர் காற்றில் உலரும். நனைதலும் உலர்தலும் மாறிமாறி நிகழ்வதே அவ்வேரின் வாழ்வு.

இதனை அறியாமையால் நேர்ந்த அழிவு பெரிது. இங்கிலாந்துக்குக் கப்பலேறிய வெப்பநாட்டு ஆர்க்கிட்டுகளைத் தோட்டக்காரர்கள் மண்தொட்டியில் நட்டனர். அத்தொட்டிகளைச் சூடான மரப்பட்டைக் குவியலில் புதைத்துவைத்தனர். வேர்கள் மூச்சுமுட்டி அழுகின. கேப்டன் குக்குடன் கடற்பயணம் செய்த ஜோசப் பாங்சு மட்டும் வேறு வழி கண்டார். மெல்லிய குச்சிகளால் கூடை முடைந்து, உள்ளே சிறிதளவு மக்கு பரப்பி, செடியை வைத்துப் பாசியால் மூடினார். வேர்கள் இடுக்குகளின் வழியே வெளியேறிக் காற்றைத் தேடின. அவருடைய கண்ணாடி வீட்டில் நம் சோழமண்டலத்து வாண்டாவும் மலர்ந்தது. 1820-இல் இராபர்ட் பிரௌன் அச்செடியை வைத்தே வாண்டா என்னும் பேரினத்தை விளக்கினார்.

இருப்பினும் பாடம் பரவவில்லை. 1830-இல் ஜான் லிண்ட்லி என்னும் பேரறிஞர், மிகுந்த வெப்பமும் நிழலும் ஓயாத ஈரமுமே ஆர்க்கிட்டுக்குத் தேவை என்று தோட்டக்கலைக் கழகத்தில் உரைத்தார். அறிஞர் சொல்லை நம்பியவர்களின் செடிகள் மடிந்தன. சாட்சுவொர்த்தில் ஜோசப் பாக்ஸ்டன் சன்னல்களைத் திறந்து காற்றை உள்ளே விட்ட பின்னரே நிலைமை மாறத் தொடங்கிற்று.

இதற்குக் காடுகள் கொடுத்த விலையையும் நாம் மறத்தலாகாது. 1850-இல் காசி மலைகளில் ஜோசப் ஹூக்கர் ஏழு ஆள் சுமை நீல வாண்டாவைத் திரட்டினார். அவற்றுள் சிலவே உயிருடன் இங்கிலாந்தை அடைந்தன. வேறொருவர் அனுப்பிய ஒரே சுமை, நலிந்த நிலையில் சேர்ந்தும், 300 பவுனுக்கு விலைபோயிற்று. இன்று நீல வாண்டாவைக் காட்டிலிருந்து எடுப்பதை 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது.

இன்றும் வீடுகளுக்கு வரும் ஆர்க்கிட்டுகள் பெரும்பாலும் அன்புமிகுதியால் ஊற்றப்படும் நீராலேயே வேரிழக்கின்றன. இலை சுருங்கியதும் தாகம் என்றெண்ணி மேலும் நீரூற்றுகிறோம். குடிப்பதற்கு வேரே இல்லை என்பதை அறிவதில்லை.

அத்தகைய செடியை மீட்க முதலில் தொட்டியிலிருந்து வெளியே எடுக்கவேண்டும். அழுத்தினால் உள்ளீடற்று நசுங்கும் வேர்களைத் தீயில் காட்டி ஆறிய கத்தியால் அகற்றி, வெட்டுவாயைக் கரித்தூளிட்டு உலரவிடவேண்டும். கெட்டியான வேர் ஒன்று எஞ்சினும் அதைக் காக்கவேண்டும். பூந்தண்டு இருப்பின் அதனையும் நறுக்குதல் நன்று. பூவுக்குச் செல்லும் வலு வேருக்குச் செல்லட்டும். பின்னர், காற்றோட்டமுள்ள நிழலில், நீர்ப்பாத்திரத்துக்கு மேலே, அடிப்பகுதி நீரைத் தொடாதவாறு செடியைத் தொங்கவிடலாம். அங்குள்ள ஈரக்காற்று இலை வழியே நீர் இழப்பதைக் குறைக்கும். காலையில் தெளிக்கும் நீர் இலைக்கவட்டில் தேங்காது விரைவில் உலரவேண்டும். திருச்சியின் கோடையில் காலை வெயிலுக்கு மேல் அதற்கு ஆகாது. புதுவேர் தோன்றும் வரை உரம் கூடாது.

வாண்டாவும் பெலனாப்சிசும் தண்டிலிருந்து, இலையடிகளுக்கு இடையே, புதுவேர் விடக்கூடியவை. அதற்கு மாதங்கள் ஆகலாம். தண்டின் குருத்தே அழுகிவிட்டால் பிழைப்பதரிது. பச்சை நுனியுடன் வேர் எட்டிப்பார்த்து, ஓரிரு அங்குலம் நீண்டபின், தேங்காய் மட்டைத் துண்டும் அடுப்புக்கரியும் இட்ட கூடையில் செடியைக் கட்டிவைக்கலாம். மண் வேண்டா. இன்று வாண்டா செடிகளைத் தொங்கவிடும் மரச்சட்டக் கூடைகளைக் காண்கையில், இருநூறு ஆண்டுகளுக்கு முன் பாங்சு முடைந்த கூடை நம் நினைவுக்கு வருகிறது.