படகின் பின்பலகையில் மாட்டிய இன்ஜின்: ஒரு சின்ன வரலாறு



போன வாரம் கரையில் எங்களிடம் படித்த தம்பி ஒருவரைக் கண்டோம். போட் இன்ஜினைக் கழற்றி, சாமான்களைச் சாக்கில் பரப்பி வைத்துக்கொண்டு இருந்தார். சாதாரண தரத்தோடு படிப்பை விட்டவர். "சேர், இதை முதல்ல செஞ்ச ஆள் யாரு?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. வருடக்கணக்காக வரலாறு படிப்பிக்கிறோம். ஊரில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடும் இயந்திரத்தின் வரலாறு எங்களுக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது. தேடி வாசித்ததை அவருக்காகவும் உங்களுக்காகவும் எழுதுகிறோம்.

கதை கடலில் அல்ல, ஒரு ஏரியில் தொடங்குகிறது. ஓலி எவின்ரூட் 1877இல் நோர்வேயில் பிறந்தவர். சிறுவயதிலேயே குடும்பத்தோடு அமெரிக்காவின் விஸ்கொன்சினுக்குப் போனார். அது ஏரிகள் நிறைந்த மாநிலம். பதினாறு வயதில் வீட்டை விட்டு வெளியேறி, இயந்திரப் பட்டறைகளில் வேலை பழகினார்.

1906இல் ஒரு வெயில் நாள். ஒகாச்சி ஏரிக் கரையில் பெஸ் என்ற பெண் ஐஸ்கிரீம் கேட்டாராம். ஓலி அக்கரைக்குத் துடுப்பு வலித்துப் போய் வாங்கி வந்தார். திரும்புவதற்குள் அது உருகிவிட்டது. அப்போதுதான் படகுக்கு இன்ஜின் மாட்டும் எண்ணம் வந்தது என்று சொல்வார்கள். அந்தப் பெண்தான் பிறகு அவரது மனைவி. முதல் இன்ஜினைப் பார்த்துக் கோப்பி அரைக்கும் இயந்திரம் மாதிரி இருக்கிறது என்று சிரித்தவரும் அவரே.

டெட்ரொயிட்டில் கெமரன் வோட்டர்மன் என்பவரும் ஏறக்குறைய அதே காலத்தில் இப்படியொரு இன்ஜினைச் செய்து விற்றார். ஆனால் உலகம் முழுக்கப் போனது 1909இல் விற்பனைக்கு வந்த ஓலியின் இன்ஜின். ஒரு சிலிண்டர், ஒன்றரைக் குதிரைவலு, 62 இறாத்தல் எடை. ஓலி பட்டறையைப் பார்த்தார்; கடிதம், விளம்பரம், கணக்கு எல்லாம் பெஸ் பார்த்தார். பெஸ்ஸின் உடல்நிலை கெட்டதால் 1914இல் கம்பனியை விற்றுவிட்டார்கள். சில வருடங்களில் அலுமினியம் சேர்த்த பாரம் குறைந்த இன்ஜினோடு ஓலி திரும்பி வந்தார். 1934இல் இறந்தார். அவரது பெயர் தாங்கிய இன்ஜின்களின் உற்பத்தி 2020இல் நின்றுபோனது.

அந்த ஏரிகளில் படகை மெதுவாக ஓட்டிக்கொண்டே பின்னால் தூண்டிலை இழுத்து மீன் பிடிப்பார்கள். வேகம் குறைந்தால் ஒயில் கலந்த எரிபொருள் முழுதாக எரியாது. பிளக்கில் கரி படியும். பின்பலகையின் உயரமும் இன்ஜின் காலின் நீளமும் பொருந்தாவிட்டால் விசிறி காற்றைக் கடிக்கும், அல்லது படகு இழுபடும். எங்கள் கரைக் காக்காமாருக்கு இது எல்லாம் கைப்பழக்கம்.

எங்கள் நாட்டில் தோணியும் பாயும் துடுப்பும்தான் நெடுங்காலம். 1950களின் இறுதியில் அரசாங்கம் இயந்திரப் படகுகளைக் கொண்டுவரத் தொடங்கியது. ஜப்பானின் யமஹா தனது முதல் படகு இன்ஜினை 1960இல் வெளியிட்டது. காலப்போக்கில் ஃபைபர் போட்டும் ஜப்பான் இன்ஜினும் சோடியாகி எங்கள் கரைகளை நிறைத்தன. பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டும் பழக்கமும் வந்தது.

பிறகு நடந்ததை நீங்களே அறிவீர்கள். யுத்த காலத்தில் வடக்கு கிழக்குக் கடலில் இன்ஜினின் குதிரைவலுவுக்கும் கட்டுப்பாடு, போகும் நேரத்துக்கும் கட்டுப்பாடு. 2004 டிசம்பர் 26இல் சுனாமி படகுகளை அள்ளிப் போனது. அதற்குப் பிறகு உதவியாக வந்த போட்களில் நல்லதும் இருந்தது, கடலுக்கே உதவாததும் இருந்தது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ஆனது. அன்று எத்தனை போட்கள் கரையிலேயே கவிழ்ந்து கிடந்தன!

எரிபொருள் விலை ஏறினால் மனிதன் முதலில் குறைப்பது பராமரிப்பைத்தான். அங்கேதான் ஆபத்து. கரையில் நின்றால் அது செலவு. நடுக்கடலில் நின்றால் அது உயிர்.

அதனால் தம்பியிடம் கேட்டு எழுதியது இது. கடலால் வந்ததும் நல்ல தண்ணீரில் இன்ஜினை ஓடவிட்டு உப்பைக் கழுவுங்கள். நிறுத்துவதற்கு முன் பெற்றோலுக்கு மாற்றிக் காபரேட்டரில் உள்ள மண்ணெண்ணெயை எரித்துவிடுங்கள். பக்கத்துத் துவாரத்தால் தண்ணீர் பீச்சுவது குறைந்தால் உடனே இம்பெல்லரைப் பாருங்கள். கியர் ஒயில் பால் நிறமானால் உள்ளே தண்ணீர் போய்விட்டது, சீலை மாற்றுங்கள். பின்பலகையில் இறுக்கும் போல்ட்டை மட்டும் நம்பாமல் இன்ஜினைக் கயிற்றாலும் கட்டுங்கள். துடுப்பை ஒருபோதும் கரையில் விட்டுப் போகாதீர்கள்.

ஓலியும் பட்டறையில் படித்த ஆள்தான். அப்படிப்பட்ட பிள்ளைகளை நாங்கள் "படிப்பு ஏறாதவன்" என்று சொல்லிக் கரைக்கு அனுப்பியிருக்கிறோம். அந்தச் சொல்லை இன்று திரும்ப எடுத்துக்கொள்கிறோம். அடுத்த தவணையில் அந்தத் தம்பியையே வகுப்புக்கு அழைத்து, பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு இன்ஜினைக் கழற்றிப் பூட்டச் சொல்லப் போகிறோம், இன்ஷா அல்லாஹ். பழைய இன்ஜின் யாரிடமாவது சும்மா கிடந்தால் தந்துதவுங்கள்.